என்ன விழிப்புணர்வு, சார்?

தமிழ்நாட்டுச் சாலையில் நடுவயதுக்காரர் ஒருவர் தலையில் ஹெல்மெட்டும் தொடையை ஒட்டிய கால்சட்டையுமாக ஊர் விட்டு ஊர் சைக்கிளில் போனால், டீக்கடைக்காரர்கள் அறிந்தவரை அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று வேண்டுதல், இல்லாவிட்டால் விழிப்புணர்வு. கழுத்தில் மாலை இல்லை, நெற்றியில் விபூதி இல்லை என்றால் முதலாவது அடிபட்டுப் போகும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கிளம்பிய நாலு நண்பர்களை மாமல்லபுரம் தாண்டுவதற்குள்ளேயே அந்தக் கேள்வி வந்து பிடித்துக்கொண்டது: "என்ன விழிப்புணர்வு, சார்?"

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார்கள். "சும்மாதாங்க, ஜாலியா கன்னியாகுமரி வரைக்கும்." டீக்கடைக்காரர் முகம் வாடிவிட்டது. வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அவராகவே முடிவு கட்டி, கேட்காமலேயே சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டார். அதற்குப் பிறகு பதில் சொல்லும் பொறுப்பை வங்கி மேலாளர் எடுத்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்குக் காலாண்டுக்கு ஒரு காரணம் எழுதிப் பழகிய கை. மரக்காணத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு, சீர்காழியில் நீர்நிலைப் பாதுகாப்பு என்று ஊருக்குத் தகுந்த விழிப்புணர்வை வழங்கிக்கொண்டே வந்தார். கடலூரில் மட்டும் கை தவறிவிட்டது. சர்க்கரை நோய் என்று சொன்ன வாயோடு இரண்டாவது பாதுஷாவுக்குக் கையை நீட்டினார். கடைக்காரர் தரவில்லை.

மற்ற மூவரில் ஒருவர் வரலாற்று ஆசிரியர், ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் மென்பொருள்காரர். நால்வரும் ஒரே பள்ளிக்கூடம். ஒரே வாடகைக் கடையில் மணிக்கணக்குக்குச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்கள். அந்தச் சைக்கிள் இருபது கிலோ இருக்கும். இப்போது ஓட்டுவது ஒன்பது கிலோகூட இல்லை. குறைந்த பதினோரு கிலோவும் எங்கே போயிற்று என்று கேட்டால், நால்வரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

போகியன்று கிளம்பியதற்குப் பொங்கல் விடுமுறை மட்டும் காரணமில்லை, காற்றும் காரணம். ஜனவரியில் நம் கடற்கரையில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளும். இதே பயணத்தை ஆனி, ஆடியில் வைத்துக்கொண்டால் தூத்துக்குடிக்குக் கீழே தென்மேற்குக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். சைக்கிள்காரனுக்கு மலை மேல் கோபமே வராது, ஏறினால் இறங்கிவிடலாம். காற்றுக்கு அந்த மாதிரி மறுபக்கம் கிடையாது. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போகிறவன் மிதிக்கிற மிதியில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க நினைத்தால், காற்றை விலக்க மட்டும் எட்டு மடங்கு வலு வேண்டும். அதனால்தான் பந்தயக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் வருகிறவருக்குக் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். முறைவைத்து முன்னால் வர வேண்டும் என்பது இதில் தர்மம்.

பல் மருத்துவர் தொண்ணூற்று நாலு கிலோ. அவர் பின்னால் மூன்று பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. "இன்னிக்கு உன் ஃபார்மே வேறடா" என்று பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை யாராவது பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்ததால், அவர் புதுச்சேரி வரை முன்னாலேயே மிதித்தார். தர்மம் என்று ஒன்று இருப்பதை அன்றிரவு லாட்ஜில் யூடியூப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மறுநாள் காலை, கடைசி ஆளாகப் போய் நின்றவர் அதற்கப்புறம் முன்னால் வரவே இல்லை.

உடுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுந்தூர சைக்கிள் கால்சட்டையில் உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். அதை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும். உள்ளாடையின் தையல்தான் ஆயிரக்கணக்கான முறை உரசி உரசிப் புண்ணாக்கும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று மற்றவர்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். வரலாற்று ஆசிரியர் கேட்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் உள்ளாடை இல்லாமல் வீதியில் போக முடியாது என்றுவிட்டார். புதுச்சேரி லாட்ஜில் அவர் படியிறங்கி வந்த விதத்தைப் பார்த்த வரவேற்பாளர், தானாகவே பக்கத்தில் வந்து, மூலத்துக்கு நல்ல சித்த வைத்தியர் ஒருவர் இருப்பதாக மெல்லிய குரலில் சொன்னார். மறுநாள் ஆசிரியர் உலக வழக்கத்துக்கு வந்துவிட்டார். தேங்காய் எண்ணெய்ப் புட்டி அவர் முன்பையில் ஏறியது.

இன்னொன்று காலணி. விலை கூடிய சைக்கிளில் காலணியின் அடியில் இருக்கும் கிளீட், பெடலோடு பூட்டிக்கொள்ளும். விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஓடும்போது அது நினைவிருக்கும், நிற்கும்போதுதான் மறந்துபோகும். அதனால் இந்தக் காலணிக்காரர்கள் எல்லோருமே வாழ்க்கையில் ஒரு முறையாவது, சிறிதும் வேகமின்றி, நின்ற இடத்தில் நின்றபடி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுவார்கள். பல் மருத்துவருக்கு அந்த நேரம், புதுச்சேரி எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் மதுவிலக்குச் சோதனைச் சாவடிக்கு எதிரே வந்தது. காலை ஏழு மணி. காவலர் கை காட்டினார். மருத்துவர் நிறுத்தினார், ஒரு கணம் யோசித்தார், விழுந்தார்.

புதுச்சேரியிலிருந்து வருகிறவர் விழுவதில் சாவடிக்காரர்களுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. காவலர் குனிந்து முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வந்தது. அது பக்கத்தில் நின்ற ஆசிரியரிடமிருந்து. "எங்கேர்ந்து வரீங்க? எதுக்கு?" என்றார் காவலர்.

"விழிப்புணர்வுப் பயணம் சார்" என்றார் மேலாளர்.

"என்ன விழிப்புணர்வு?"

மேலாளர் சாவடியைப் பார்த்தார், தரையில் கிடந்தவரைப் பார்த்தார். "மது ஒழிப்பு, சார்."

நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றால் மிதிப்பது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது நிற்பது. பிரான்சில் 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற பயணம் இன்றும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. சுமார் 1,200 கிலோமீட்டர்; 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதல் முறை அது பந்தயம். சார்ல்ஸ் தெரோன் என்பவர் ஏறக்குறைய 71 மணி 22 நிமிடத்தில், தூக்கத்தைக் கிட்டத்தட்ட மறந்து, முடித்து ஜெயித்தார். இன்றைக்கு அதில் முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் சமம். அந்தப் பயணத்தின் பெயரில், சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமாக ஒரு பலகாரம்கூட அங்கே பேக்கரிகளில் விற்கிறது. 90 மணிக்கு 1,200 என்றால் சராசரி மணிக்கு பதிமூன்று கிலோமீட்டர் சொச்சம். நம் ஊர்களில் அதே முறையில் நடத்தும் 600 கிலோமீட்டர் பயணத்துக்கு 40 மணி நேரம், சராசரி பதினைந்து. பதினைந்து என்பது பால்காரர் வேகம். ஆனாலும் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள் என்றால் எங்கே? சாலையில் அல்ல. டீக்கடையில், டிபன் கடையில், "ரெண்டே நிமிஷம்" என்று மர நிழலில் படுத்த இடத்தில்.

இந்த நால்வரும் நிற்பதில் வெவ்வேறு கொள்கை உடையவர்கள். மேலாளர் டீக்கு நிற்பார். மருத்துவர் சாப்பாட்டுக்கு நிற்பார். ஆசிரியர் பழைய சுவர் எதைக் கண்டாலும் நிற்பார். மென்பொருள்காரர் நிற்கவே மாட்டார். சராசரி வேகம் குறைந்துவிடும். ஹேண்டில்பாரில் அவர் மாட்டியிருந்த ஜிபிஎஸ் கருவி அன்றன்றைய ஓட்டத்தை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றும். அதில் ஏறாத கிலோமீட்டர் அவரைப் பொறுத்தவரை மிதிக்கப்படாத கிலோமீட்டர். ஒரு நாள் இரவு லாட்ஜ் வாசலில் கருவி 99.4 காட்டியது. மற்றவர்கள் அறைக்குப் போய்க் குளித்து, லுங்கி கட்டிக்கொண்டு வந்து பார்த்தால், மனிதர் இன்னும் வாகன நிறுத்தத்தில் கார்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கிறார். நூறு ஆகும்வரை இறங்கவில்லை. இரவுக் காவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

சிதம்பரத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். நூறு கிலோமீட்டருக்கு அவரவர் எடையைப் பொறுத்து இரண்டாயிரத்து ஐந்நூறு கலோரியாவது எரியும். ஒரு இட்லிக்குச் சராசரி ஐம்பது கலோரி. "அப்போ ஐம்பது இட்லி" என்று அவர் வாய் மூடுவதற்குள் மருத்துவர் கொத்சுப் பாத்திரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கத்தரிக்காயைச் சுட்டு மசித்துப் புளிவிட்ட அந்தக் கொத்சுக்கு முன்னால் சராசரி வேகம் எல்லாம் எடுபடாது. அன்று கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

தரங்கம்பாடியில் ஆசிரியரைக் கோட்டையிலிருந்து பிரித்தெடுக்க அரை மணி நேரம். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கு, அச்சுக்கூடம் என்று அவர் பேசிக்கொண்டே இருக்க, மேலாளர் நிழல் இருந்த சுவரோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். வரலாறு அவருக்கு நல்ல ஓய்வு தந்தது. காரைக்கால் வரை அவர்தான் முன்னால் போனார்.

நாகப்பட்டினம் தாண்டித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் சம்பா அறுவடை. சாலையில் பாதி நெல். தார் சூடு காயவைப்பதற்கு வாகாக இருப்பதால், ஒரு பக்கத்தை அப்படியே வளைத்து, ஓரத்தில் கல் அடுக்கி, நடுவில் ஒரு பெண்மணி காலாலேயே நெல்லைச் சால் பிரித்துக் கிளறிக்கொண்டிருந்தார். எதிரே அறுவடை இயந்திரம் மீதிப் பாதியை அடைத்துக்கொண்டு வந்தது. மென்பொருள்காரர் சராசரியைக் காப்பாற்றும் அவசரத்தில் நெல்லில் ஏறினார். மெல்லிய டயர் நெல்லில் பிடிக்காது. இரண்டு முறை நெளிந்து, தூற்றி வைத்திருந்த குவியலின் மேல் மிக மென்மையாகப் போய் உட்கார்ந்தார். "ஏங்க, இம்மாம் பெரிய ரோடு இருக்கு, எங்க நெல்லுதான் கெடச்சுதா?" என்றார் பெண்மணி. சிதறியதைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று விளக்குமாறும் கையில் கொடுத்தார். கூட்டினார். கருவியில் அது 'ஓய்வு நேரம்' என்று பதிவாயிற்று.

அந்த வட்டாரத்தில்தான் ஆசிரியர் ராஜாஜியை எடுத்தார். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து கிளம்பி, தொண்டர்களோடு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்த உப்பு யாத்திரை. நடப்பவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரம் கொடுத்தால் மரத்தையா கைது செய்வது?

கதை முடிந்ததும் மூன்று பேரும் அந்த மாபெரும் மக்கள் எழுச்சியை எண்ணி அமைதியாக வந்தார்கள் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னார்: "ரெண்டு கிலோமீட்டரா ஒவ்வொரு மரமாப் பாத்துட்டு வரேன்டா. ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல."

மல்லிப்பட்டினம் பக்கத்தில் கடலோரமாக மனோரா. நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் 1814 வாக்கில் எழுப்பிய கோபுரம். ஐரோப்பாவில் ஒருவர் தோற்றதற்கு இங்கே எதற்குக் கட்டடம் என்று மேலாளர் கேட்டார். கும்பினிக்காரர்களிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டியிருந்தது என்றார் ஆசிரியர். மேலாளருக்கு உடனே புரிந்துவிட்டது. மண்டல மேலாளர் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குகிறவர்.

கட்டுமாவடியில் புதுக்கோட்டை மாவட்டம் ஆரம்பம். புதுக்கோட்டைக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், அதுவரை ஆண்கள் மட்டுமே ஏறிய வண்டியில், சேலையோடு ஏறி ஓட்டினார்கள். கல் உடைக்கிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியைகள் எல்லோரும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியது பின்னாளில் பள்ளிப் பாடப்புத்தகத்திலும் ஏறியது.

கோட்டைப்பட்டினத்தில் இளநீர் குடிக்க நின்ற இடத்தில், அப்படிப் பழகியவர்களில் ஒருவர் எதிரே வந்தார். இப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. கையில் மீன் பை. நிறுத்தி வைத்திருந்த நாலு சைக்கிளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏப்பா, இதுல ஸ்டாண்டு எங்க?"

"இல்லைங்க ஆத்தா. சுவத்துல சாச்சு வைக்கணும்."

"பெல்லு?"

"இல்லை."

"கேரியரு, மட்காடு ஒண்ணையும் காணோம்? நாங்க பழகுன காலத்துல முன்னாடி புள்ளைய வச்சு, பின்னாடி கொடத்த வச்சு ஓட்டுவோம். இதுல எதப்பா வப்பீக?" அதற்குப் பதில் வராததால் அடுத்ததைக் கேட்டார். "என்ன வெல?"

மருத்துவர் அந்தச் சைக்கிளுக்குக் கொடுத்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். வீட்டில் சொல்லியிருப்பது நாற்பதாயிரம். ஆத்தாவிடம் எட்டாயிரம் என்றார்.

"ஏமாந்துட்டியேப்பா" என்றார் அந்த அம்மா, மிகுந்த வருத்தத்தோடு.

மீமிசல் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். தொண்டிக்கு முன்னால் மருத்துவரின் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கியது. விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பிய மரம் ஒரு மாவட்டத்தையே எப்படிப் பிடித்துக்கொண்டது என்று ஆசிரியர் அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முள்தான் குத்தியிருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பஞ்சர் ஒட்டும் பொருள்களும் கைப்பம்பும் பொதுச் சொத்து. பொதுச் சொத்து மென்பொருள்காரர் பையில். அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னால், காதில் பாட்டோடு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த பஞ்சர் கடை, வேப்பமரத்தடியில் ஒரு கம்ப்ரஸரும் கிழிந்த டயர்களும். கடைக்காரருக்கு வயது முப்பதுக்குள். சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவி, அலுமினியத் தட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வந்தார். குமிழி வந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, ஒட்டை வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. முடிந்தது என்று மருத்துவர் எழுந்தபோது "உக்காருங்க சார்" என்றார். டயரின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல, மிக மெல்ல ஒரு சுற்று வந்தார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. "இந்தா இருக்கான்." கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதனுள் இருக்கும் எஃகு இழைகள் ரோட்டோரம் முழுக்க உதிர்ந்து கிடக்கும். தலைமயிர் அளவு கம்பி. நெடுஞ்சாலையில் சைக்கிள் டயரைப் பதம் பார்ப்பது பல சமயம் அதுதான். "முள்ளு இல்லிங்க சார், கம்பி" என்றார், ஆசிரியரைப் பார்த்து. சீமைக்கருவேலம் அன்று ஒருநாள் குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று.

கம்பி டயருக்குள் புதைந்து வெளியே வர மறுத்தது. குறடு பெரியது, பிடிக்கவில்லை. அப்போது மருத்துவர் தன் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையால் டயரின் வாயை அகட்டி, ஒரே இழுப்பில் பிடுங்கி வெளியே காட்டினார். இந்தப் பயணத்தில் யாருக்காவது அவருடைய படிப்பு உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான். "வாயைக் கொப்பளிக்கச் சொல்லுடா" என்றார் மேலாளர்.

கடைசிச் சிக்கல் காற்று. விலை கூடிய சைக்கிள் டியூபில் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வு. லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் காற்றடிக்கும் குழாய்மூக்கு அதில் உட்காராது. நடுவில் கடுகு டப்பி மூடியைவிடச் சின்னதாக ஒரு பித்தளைத் திருகு வேண்டும். ஆசாரிக்கு உளி மாதிரி சைக்கிள்காரன் அதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அதுவும் பொதுச் சொத்து. பத்து முறை அடித்த பிறகு மென்பொருள்காரர் போனை எடுத்தார். திரும்பி வரச் சொன்னால் திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் குரலில் சந்தோஷம்: போக வரக் கூடுதலாக இருபத்துநாலு கிலோமீட்டர் கணக்கில் சேருமே! அவர் வந்து சேரும்வரை கடைக்காரர் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தார். பஞ்சருக்கு முப்பது ரூபாய். லட்ச ரூபாய் சைக்கிள் முப்பது ரூபாய்க்காரரின் விரல்நுனியை நம்பித்தான் ஓடுகிறது. அதை அந்த வேப்பமரத்தடியில் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் நூறு ரூபாய் நீட்ட, அவர்தான் மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

ராமநாதபுரத்திலிருந்து நேரே தெற்கே போயிருக்கலாம். மேலாளரின் அம்மா போனில் சொன்னார்: "அவ்ளோ தூரம் போற, ராமேஸ்வரம் போயி ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டாந்துருடா." அவ்வளவு தூரம் போகிறவனுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் பெரிசா என்பது அந்த அம்மாவின் கணக்கு. அங்கே சாலை கிழக்கே திரும்புகிறது. இதுவரை முதுகைத் தள்ளிய வடகிழக்குக் காற்று இடது கன்னத்தில் அறைய ஆரம்பித்தது. 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உச்சியில் ஏறும்போது சைக்கிளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. காற்று ஒரு நொடி நின்றால் சாய்ந்த பக்கமே விழ வேண்டியதுதான். பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலமும் 2025இல் திறந்த புதிய பாலமும். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலுக்குச் சிவப்பு விழும்படி ஏற்பாடு இருந்தது என்றார் ஆசிரியர். பல லட்சம் கிலோ ரயிலுக்கே அப்படி என்றால் ஒன்பது கிலோ சைக்கிளுக்கு? மேலாளர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மற்றவர்களும் மரியாதையாக இறங்கினார்கள். சுற்றுலா வேன்கள் நின்று படம் எடுத்தன.

திரும்பி வந்து கீழக்கரையில் தொதல் வாங்கித் தின்ற பிறகும் யாருக்கும் மனம் சமாதானமாகவில்லை. நாலைந்து நாள் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டினால் பள்ளிக்கால நட்பும் பல் இளிக்கும் என்பது நெடுந்தூரக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏசியை எத்தனையில் வைப்பது, குறட்டை யாருடையது, காரைக்காலில் டீக்கு யார் காசு கொடுத்தது. மேலாளர் செலவுக் கணக்கை எக்செலில் போட்டு அனுப்ப, அதில் தனக்கு மட்டும் இரண்டு ஆம்லெட் எழுதியிருப்பதாக மருத்துவர் வெகுண்டார்.

விளக்கணைத்த அறையில் ஆசிரியர் ஒரு கதை சொன்னார். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். பாரசீகம், மெசபடோமியா, சிரியப் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா என்று சுமார் 71,000 கிலோமீட்டர். நாலரை வருஷம் கழித்து 1928 மார்ச்சில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது மூன்று பேர்: ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா. அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு நேரு முன்னுரை கொடுத்தார். "மீதி மூணு பேரும் வழியிலேயே பிரிஞ்சுட்டாங்க. ஒருத்தர் டெஹ்ரானோட திரும்பிட்டாரு. ஒருத்தர் அமெரிக்காவுலேயே தங்கிட்டாரு" என்று நிறுத்தினார் ஆசிரியர். நட்பின் அருமையை உணர்ந்து யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அம்பது சதவீதம் வாராக்கடன்" என்றார் மேலாளர் இருட்டிலிருந்து.

"ஆம்லெட் கணக்குல பிரிஞ்சிருப்பாங்க" என்றார் மருத்துவர்.

தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டித் திருச்செந்தூர்ச் சாலைக்கு வந்ததும் பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாரி சாரியாக. பாட்டுப் பெட்டி கட்டிய வண்டி ஒன்று முன்னால், பின்னால் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெறுங்காலோடு. ஒன்பதாயிரம் ரூபாய்க் காலணி போட்ட நால்வரும் அந்தக் கால்களைப் பார்த்தபடி மெதுவாக ஓட்டினார்கள். அன்னதானப் பந்தலில் ஒருவர் சாலைக்கே வந்து கையைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிட்டார். "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டுட்டுப் போங்க." தாங்கள் யாத்திரைக்காரர்கள் இல்லை என்று மேலாளர் சொல்லிப் பார்த்தார். பயணத்தில் அவர் சொன்ன முதல் முழு உண்மை. "அதுக்கென்ன? வயிறு இருக்குல்லா" என்று சாம்பார் வாளியோடு போய்விட்டார். மருத்துவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து இலையில், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்த பெரியவர் ஒருவர், ஆசிரியர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, தன் துண்டை நாலாக மடித்துக் கீழே போட்டுக்கொள்ளச் சொன்னார்.

மணப்பாடு, உவரி, கூடங்குளம். காற்றாலைகள். அஞ்சுகிராமம் வந்ததும் நாலு பேருக்கும் திடீரென்று வேகம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன்களாக ஒருவரை ஒருவர் முந்தினார்கள். 133 அடி வள்ளுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்ள ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார் படக்காரர். நெற்றியில் வெயில் படாத வெள்ளைக் கோடு விழுந்திருந்ததால் உடனே திரும்பப் போட்டுக்கொள்ளவும் சொன்னார். மென்பொருள்காரர் கருவியை நிறுத்தப் போய், மறந்து, ரயில் நிலையம் வரை ஆட்டோவில் போனதையும் பதிவு செய்துவிட்டார். ஸ்ட்ராவாவில் பயணத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டர் மணிக்கு 41 வேகம். இன்றுவரை அதை அவர் திருத்தவில்லை.

சைக்கிள்களைச் சாக்குத் துணி சுற்றிப் பார்சலில் போட்டாயிற்று. இத்தனை நாள் மிதித்த தூரத்தை ஓர் இரவில் கடக்கப்போகும் ரயிலில் நால்வருக்கும் கிடைத்த படுக்கைகளில் இரண்டு மேலே, இரண்டு நடுவில். அப்போதுதான் தெரிந்தது, யாராலும் காலைத் தூக்க முடியவில்லை. தொடை மடங்கினால் முழங்கால் மறுத்தது. முழங்கால் ஒத்துக்கொண்டால் உட்காரும் இடம் கத்தியது. மருத்துவர் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்து, அடுத்ததை எடுப்பதற்காகக் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழ்ப் படுக்கையில் இருந்த நாகர்கோவில் அம்மா ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன ஆளைத் தனியாக அனுப்பியிருக்கிறார்களே என்று தோன்றியிருக்கும். தன் தலையணையை எடுத்துக்கொண்டு, "நீங்க கீழ படுங்க, நான் மேல போறேன்" என்று கிடுகிடுவென்று ஏறிவிட்டார். மருத்துவர் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.